குளோரினின் அணு எடை 35.5ஆ, 35.45ஆ? மோல் கணக்கு சொல்லும் பதில்

பள்ளிக் கணக்குகளில் குளோரினின் அணு எடையை 35.5 என்று போடுகிறோம். ஆய்வகச் சுவரில் தொங்கும் பழைய அட்டவணையில் 35.453 என்று இருக்கும். புதிய அட்டவணைகளில் அது 35.45. அணு எடைகளை முறைப்படுத்தும் சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயூபேக்கின் பட்டியலில் 35.446 முதல் 35.457 வரை என்று ஓர் இடைவெளியே கொடுக்கப்பட்டிருக்கிறது. இது போதாதென்று குளோரின்-35, குளோரின்-37 என்று முழு எண்களும் வருகின்றன. இதில் எது சரி என்று மாணவர்கள் கேட்பது நியாயம்தான். எல்லாமே சரி. ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான பதில்.

இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால், அணு எடையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தராசு அணு எடையைச் சொல்வதில்லை, ஒரு குவியலின் எடையை மட்டுமே சொல்லும். ஒரு கிலோ ஆணி வாங்கினால் அதில் எத்தனை ஆணி என்று எண்ணிய பிறகுதான் ஓர் ஆணியின் எடை தெரியும். அணுக்களை எண்ண நமக்கு இருக்கும் அலகு மோல். அணு எடைக் கணக்கு எந்த வடிவத்தில் வந்தாலும், உள்ளே இருப்பது ‘இங்கே எத்தனை மோல்?’ என்ற ஒரே கேள்விதான்.

முதலில் நான்கு சொற்கள்

1. நிறை எண்: ஓர் அணுக்கருவில் உள்ள புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கை. எண்ணிக்கை என்பதால் எப்போதும் முழு எண். குளோரின்-35இல் வரும் 35 இதுதான்.

2. அணு நிறை: ஒரு குறிப்பிட்ட ஐசோடோப்பின் (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறும் வகைகளில் ஒன்றின்) ஒரே ஓர் அணுவின் நிறை. கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஓர் அணு நிறை அலகு என்கிறோம். குளோரின்-35 அணுவின் நிறை 34.96885 அலகு. 35க்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் 35 அல்ல.

3. அணு எடை: இயற்கையில் கிடைக்கும் ஒரு தனிமத்தின் எல்லா ஐசோடோப்புகளுக்குமான சராசரி. கார்பன்-12உடன் ஒப்பிட்டுச் சொல்வதால் இதற்கு அலகு கிடையாது.

4. மோலார் நிறை: ஒரு மோல் அணுக்களின் நிறை. இதற்கு அலகு உண்டு: கிராம்/மோல்.

கடைசி இரண்டுக்கும் ஒரே எண் வருவதால்தான் பலரும் அவற்றை ஒன்றாக நினைக்கிறார்கள். எண் ஒன்றாக வருவதற்குக் காரணம் மோலை வரையறுத்த விதம்.

மோல் என்பது ஓர் எண்ணிக்கை

ஒரு மோல் என்றால் 6.02214076 × 10²³ துகள்கள். இதை அவகாட்ரோ எண் என்கிறோம். அணுவாக இருந்தாலும், மூலக்கூறாக இருந்தாலும், எலக்ட்ரானாக இருந்தாலும் எண்ணிக்கை இதேதான். இந்த எண்ணை இப்படியே நிலைப்படுத்தும் முடிவு 2018 நவம்பர் 16 அன்று பிரான்சின் வெர்சாய் நகரில் கூடிய எடை, அளவுகளுக்கான பொது மாநாட்டில் எடுக்கப்பட்டது. 2019 மே 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அதற்கு முன்பு, 1971இல் ஏற்கப்பட்ட வரையறைப்படி, 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உண்டோ அதுவே ஒரு மோல். அப்போது 12 கிராம் என்பது துல்லியமான எண்ணாகவும், அவகாட்ரோ எண் அளந்து அறிய வேண்டியதாகவும் இருந்தன. இப்போது நிலைமை தலைகீழ். எண்ணிக்கை துல்லியமானது, ஒரு மோல் கார்பன்-12இன் நிறைதான் அளந்து அறிய வேண்டியது. வித்தியாசம் சுமார் நூறு கோடியில் ஒரு பங்கு அளவிலேயே இருப்பதால் பள்ளிக் கணக்கிலோ கல்லூரி ஆய்வகத்திலோ இதனால் எந்த மாற்றமும் இல்லை.

ஓர் அணு நிறை அலகு என்பது 1.66054 × 10⁻²⁴ கிராம். இதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கிப் பாருங்கள், 1 கிராம் வரும். ஓர் அணுவின் நிறை அலகுகளில் எவ்வளவோ, ஒரு மோல் அணுக்களின் நிறை கிராமில் அவ்வளவு. வேதியியல் கணக்குகளின் வசதி முழுவதும் இந்த ஒரு பெருக்கலில் அடங்கியிருக்கிறது.

ஆகவே அடிப்படைச் சூத்திரம் மிக எளிது: மோலார் நிறை = நிறை ÷ மோல் எண்ணிக்கை. நிறையைத் தராசு தந்துவிடும். மோல் எண்ணிக்கையைத் தேடுவதில்தான் எல்லாப் பாடும்.

ஒரு மெக்னீசியத் துண்டை வைத்துப் பார்ப்போம்

மெக்னீசியத்தின் அணு எடை நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். 0.0486 கிராம் மெக்னீசிய நாடாவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் ஹைட்ரஜனை நீரின் மேல் ஓர் அளவுக்குழாயில் சேகரிக்கிறோம். கிடைத்த வாயு 51.0 மி.லி. வெப்பநிலை 27 °செ., காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம்.

1. குழாயில் இருப்பது தனி ஹைட்ரஜன் அல்ல, நீராவியும் கலந்திருக்கிறது. 27 °செ. வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் சுமார் 26.7 மி.மீ. அதைக் கழித்தால் ஹைட்ரஜனின் அழுத்தம் 733.3 மி.மீ., அதாவது 0.965 வளிமண்டல அழுத்தம்.

2. 27 °செ. வெப்பநிலையில், 1 வளிமண்டல அழுத்தத்தில், ஒரு மோல் வாயு 24.63 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஆகவே ஹைட்ரஜன் = 0.0510 × 0.965 ÷ 24.63 = 0.001998 மோல்.

3. ஒரு மெக்னீசியம் அணு கரையும்போது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வெளிவருகிறது. எனவே மெக்னீசியமும் 0.001998 மோல்.

4. அணு எடை = 0.0486 ÷ 0.001998 = 24.32.

ஏற்கப்பட்ட மதிப்பு 24.305. சாதாரணக் கண்ணாடிக் குழாயையும் தராசையும் வைத்து இவ்வளவு அருகில் போக முடிவது உண்மையிலேயே பெரிய விஷயம்.

தவறுகள் எங்கே நுழையும் என்பதையும் பார்த்துவிடலாம். நீராவியைக் கழிக்க மறந்தால் விடை 23.5 ஆகிவிடும். 27 டிகிரியில் எடுத்த அளவுக்கு 22.4 லிட்டரைப் போட்டால் 22.1 வரும். 22.4 என்பது 0 °செ., 1 வளிமண்டல அழுத்தத்துக்கு மட்டும் உரிய எண். 1982இல் ஐயூபேக் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது. அதன்படி 0 டிகிரியில் ஒரு மோல் வாயுவின் கனஅளவு 22.7 லிட்டர். சில புத்தகங்களில் 22.4, சிலவற்றில் 22.7 என்று இருப்பது இதனால்தான். கேள்வியில் எந்த அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே துண்டு, மூன்று விடைகள்

மேலே மூன்றாவது படியை மறுபடி பாருங்கள். ஓர் உலோக அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு என்று எப்படித் தெரியும்? மெக்னீசியத்தின் இணைதிறன் (ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஈடாகும் என்ற எண்) 2 என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அப்படி எழுதினோம். தெரியாத உலோகமாக இருந்தால்?

- இணைதிறன் 1 என்றால், ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு உலோக அணுக்கள். அணு எடை 12.16.
- இணைதிறன் 2 என்றால் 24.32.
- இணைதிறன் 3 என்றால் 36.48.

ஒரே துண்டு, ஒரே தராசு, ஒரே வாயு. ஆனால் மூன்று அணு எடைகள். சோதனை உண்மையில் தருவது 12.16 என்ற சமான எடையை, அதாவது ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு ஈடான உலோகத்தின் எடையை மட்டும்தான். அதை எதனால் பெருக்க வேண்டும் என்பதைச் சோதனை சொல்லாது.

பாடநூல் கணக்குகளில் இந்தச் சிக்கல் கண்ணில் படுவதே இல்லை, ஏனென்றால் சேர்மத்தின் வேதி வாய்பாட்டைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். அரை நூற்றாண்டுக்கும் மேல் வேதியியலாளர்களை அலைக்கழித்த பிரச்சினையே இதுதான். அணுக் கொள்கையை முன்வைத்த ஆங்கிலேயர் ஜான் டால்டன் 1803 முதல் அணு எடைகளைப் பட்டியலிட்டபோது, நீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இருப்பதாக எடுத்துக்கொண்டார். நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எடையில் 1:8 என்ற விகிதத்தில் இருக்கின்றன. டால்டனின் வாய்பாட்டை வைத்தால் ஆக்சிஜனின் அணு எடை 8. உண்மையில் இரண்டு ஹைட்ரஜன் இருப்பதால் அது 16. டால்டன் காலத்து அளவீடுகள் கரடுமுரடானவை, அவர் 1808இல் கொடுத்த மதிப்பு 7. ஆனால் அளவீடு எவ்வளவு துல்லியமாகியிருந்தாலும் அந்த வாய்பாடு 8க்கு மேல் அவரைப் போக விட்டிருக்காது.

கானிசாரோ காட்டிய வழி

1811இலேயே இத்தாலியின் அவகாட்ரோ ஒரு சாவியைக் கொடுத்துவிட்டார்: ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும். அப்படியானால் வாயுவின் அடர்த்தியிலிருந்து மூலக்கூறு எடையை நேரடியாகக் கணக்கிடலாம், எந்த வாய்பாடும் முன்கூட்டித் தெரிய வேண்டாம். ஆனால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1858இல் இன்னோர் இத்தாலியர் ஸ்டானிஸ்லாவ் கானிசாரோ இதை ஒரு முழு முறையாக வளர்த்தார். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூயே நகரில் நடந்த வேதியியல் மாநாட்டில் அது பரவலாகப் பலரின் கைக்குப் போனது. அங்கே வந்திருந்த இளைஞர்களில், பின்னாளில் தனிம அட்டவணையை உருவாக்கிய ரஷ்யரான மெண்டலீவும் ஒருவர்.

அந்த முறையைக் கார்பனுக்குப் போட்டுப் பார்ப்போம். கார்பன் உள்ள பல சேர்மங்களின் மூலக்கூறு எடையை வாயு அடர்த்தியிலிருந்து எடுக்கிறோம், பகுப்பாய்விலிருந்து கார்பனின் சதவீதத்தை எடுக்கிறோம்.

- கார்பன் மோனாக்சைடு: மூலக்கூறு எடை 28, கார்பன் 42.9 சதவீதம். ஒரு மோலில் கார்பன் 12 கிராம்.
- கார்பன் டை ஆக்சைடு: 44, 27.3 சதவீதம். மறுபடி 12.
- மீத்தேன்: 16, 75 சதவீதம். 12.
- எத்திலீன்: 28, 85.7 சதவீதம். 24.
- பென்சீன்: 78, 92.3 சதவீதம். 72.

12க்குக் குறைவாக எதிலும் வரவில்லை, மற்றவை எல்லாம் 12இன் மடங்குகள். ஒரு மூலக்கூறில் அரை அணு இருக்க முடியாது. ஆகவே கார்பனின் அணு எடை 12. இதில் ஒரு சின்ன நிபந்தனை மறைந்திருக்கிறது: எடுத்த சேர்மங்களில் ஒன்றிலாவது ஒரே ஒரு கார்பன் அணு இருக்க வேண்டும். பட்டியல் நீள நீள அந்த நம்பிக்கை வலுக்கும்.

பெரிலியம்: இரு சாட்சிகள் மோதிக்கொண்ட வழக்கு

வாயுவாகாத உலோகங்களுக்கு என்ன செய்வது? 1819இல் பிரான்சின் டூலாங், பெட்டி என்ற இரு அறிவியலாளர்கள் வேறொரு வழி கண்டார்கள். திட உலோகத்தின் தன்வெப்பத்தை (ஒரு கிராமின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பத்தை) அணு எடையால் பெருக்கினால் பெரும்பாலும் ஒரே எண் வருகிறது, இன்றைய அலகில் சுமார் 25 ஜூல். ஏனென்றால் வெப்பத்தை வாங்கிக்கொள்வது அணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு மோல் ஈயமும் ஒரு மோல் செம்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெப்பத்தை ஏற்கும். வெப்பமானியை வைத்து மோலை எண்ணுகிறோம் என்றே சொல்லலாம். மெக்னீசியத்தின் தன்வெப்பம் ஒரு கிராமுக்கு 1.02 ஜூல். 25 ÷ 1.02 = 24.5. மேலே இருந்த மூன்று விடைகளில் 24.32தான் சரி என்று இது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

ஆனால் பெரிலியத்தில் இந்தச் சாட்சி பொய்த்தது. பெரிலியத்தின் சமான எடை 4.5. இணைதிறன் 2 என்றால் அணு எடை 9. 3 என்றால் 13.5. அதன் தன்வெப்பம் ஒரு கிராமுக்குச் சுமார் 1.82 ஜூல். 25 ÷ 1.82 = 13.7. அப்படியானால் இணைதிறன் 3 என்றுதான் யாரும் முடிவுகட்டுவார்கள். சுவீடனின் நில்சனும் பெட்டர்சனும் அப்படித்தான் வாதிட்டார்கள்.

மெண்டலீவ் ஏற்கவில்லை. 13.5 என்றால் பெரிலியம் அவருடைய அட்டவணையில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே நிற்க வேண்டும், அங்கே இடமே இல்லை. 9 என்றால் லித்தியத்துக்கும் போரானுக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்துகிறது. 1884இல் அதே நில்சனும் பெட்டர்சனும் பெரிலியம் குளோரைடை ஆவியாக்கி அடர்த்தியை அளந்தார்கள். இணைதிறன் 3 என்றால் மூலக்கூறு எடை 120 வர வேண்டும், 2 என்றால் 80. வந்தது 80 பக்கம். அணு எடை 9 என்று உறுதியானது. தங்கள் சொந்த வாதத்தைத் தாங்களே சோதித்து மாற்றிக்கொண்ட அந்த இருவரையும் வேதியியல் மாணவர்கள் மெண்டலீவுக்கு இணையாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தன்வெப்பம் ஏன் ஏமாற்றியது என்பது 1907இல் ஐன்ஸ்டைனின் விளக்கத்துக்குப் பிறகுதான் புரிந்தது. எடை குறைந்த, இறுக்கமாகப் பிணைந்த அணுக்களின் அதிர்வுகள் அறை வெப்பநிலையில் முழுமையாகத் தூண்டப்படுவதில்லை. அதனால் அவை வாங்கும் வெப்பம் குறைவு. கார்பனின் வைர வடிவத்திலும் இதே சிக்கல் உண்டு.

படிகத்தில் நேரடியாக எண்ணுவது

எக்ஸ் கதிர்கள் வந்த பிறகு அணுக்களைப் படிகத்திலேயே எண்ண முடிந்தது. அலுமினியப் படிகம் சின்னச் சின்னக் கனசதுர அறைகளால் ஆனது. ஓர் அறையின் விளிம்பு 4.05 × 10⁻⁸ செ.மீ., ஓர் அறைக்கு 4 அணுக்கள். அறையின் கனஅளவு 6.643 × 10⁻²³ கன செ.மீ. அடர்த்தி 2.70 என்பதால் ஓர் அறையின் நிறை 1.794 × 10⁻²² கிராம். நான்கால் வகுத்து அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 27.0. இணைதிறன் என்ற பேச்சே எழவில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுத்தான் அவகாட்ரோ எண்ணையும் அளந்தார்கள். கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கான்-28 மட்டுமே கொண்ட, ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள உருண்டைகளைச் செய்து, அவற்றின் கனஅளவையும் படிக அறையின் அளவையும் அளந்து, உள்ளே எத்தனை அணுக்கள் என்று கணக்கிட்டார்கள். 2019இல் நிலைப்படுத்திய எண்ணுக்கு அந்த அளவீடு ஒரு முக்கிய ஆதாரம்.

சரி, 35.45க்கு வருவோம்

மேலே சொன்ன எல்லா வழிகளும் ஒரு குவியலின் சராசரியைத்தான் தருகின்றன. குவியலில் எல்லா அணுக்களும் ஒரே நிறையில் இல்லை. குளோரினில் இரண்டு ஐசோடோப்புகள்:

1. குளோரின்-35: நிறை 34.96885, நூற்றுக்குச் சுமார் 75.77.
2. குளோரின்-37: நிறை 36.96590, நூற்றுக்குச் சுமார் 24.23.

ஒரு மோல் குளோரின் அணுக்களை எடுத்தால் 0.7577 மோல் முதல் வகை, 0.2423 மோல் இரண்டாம் வகை. நிறை = 0.7577 × 34.96885 + 0.2423 × 36.96590 = 26.496 + 8.957 = 35.453 கிராம்.

35.453 நிறை உள்ள குளோரின் அணு ஒன்றுகூட உலகில் கிடையாது. இதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். 35.5 என்பது இதையே முழுமையாக்கிய பள்ளி வசதி.

ஐசோடோப்பு விகிதம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லையென்றால் சராசரியும் ஒன்றாக இராது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஈயம். யுரேனியம்-238 சிதைந்து கடைசியில் ஈயம்-206 ஆகிறது, தோரியம்-232 சிதைந்து ஈயம்-208 ஆகிறது. சாதாரண ஈயத்தின் அணு எடை 207.2. முதல் உலகப் போர்க் காலத்தில் ஃபிரடெரிக் சாடி இலங்கையில் கிடைத்த தோரைட் என்ற தோரியக் கனிமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்தார். அதன் அணு எடை 207.7 வரை இருந்தது. அமெரிக்காவில் தியோடர் ரிச்சர்ட்ஸ் யுரேனியக் கனிமங்களின் ஈயத்தை ஆராய்ந்தபோது அது சாதாரண ஈயத்தைவிடக் குறைவாக இருந்தது. இருவரிடமும் இருந்தது வேதியியல் நோக்கில் ஒரே ஈயம்தான். அணு எடை என்பது தனிமத்தின் மாறாத அடையாளம் என்ற நூறாண்டு நம்பிக்கை அங்கே உடைந்தது.

ஐயூபேக் இதை அட்டவணையிலேயே காட்டத் தொடங்கியது 2010இல். ஹைட்ரஜன், கார்பன், குளோரின் உள்ளிட்ட பத்துத் தனிமங்களுக்கு ஒற்றை எண்ணுக்குப் பதில் இடைவெளி கொடுத்தது. பின்னர் மெக்னீசியம், ஆர்கான், ஈயம் போன்றவையும் சேர்ந்தன. ஈயத்தின் இடைவெளி 206.14 முதல் 207.94 வரை. இது அளவீட்டில் உள்ள பிழை அல்ல, இயற்கையிலேயே இருக்கும் வேறுபாடு. மாறாக ஃபுளுரினுக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்பு. அதன் அணு எடையை 18.998403162 என்று ஒன்பது தசம இடங்களுக்குக் கொடுக்க முடிகிறது. சோடியம், அலுமினியம் ஆகியவையும் இப்படிப்பட்டவை. அளவீடுகள் மேம்படும்போது மற்ற எண்களும் திருத்தப்படுகின்றன. 2024இல் சிர்க்கோனியத்தின் மதிப்பு 91.224இலிருந்து 91.222 ஆனது.

கணக்குப் போடும்போது எதை எடுப்பது?

தேர்வில் கேள்வித்தாளில் கொடுத்த மதிப்புதான் கணக்கு. கொடுக்கவில்லையென்றால் குளோரினுக்கு 35.5 போதும். கரைசல்களின் கனஅளவை அளந்து செய்யும் கல்லூரிப் பருமனறி பகுப்பாய்வில் நான்கு இலக்கத் துல்லியம் வேண்டுமானால் 35.45. ஐயூபேக் இடைவெளி கொடுக்கும் தனிமங்களுக்கெல்லாம் இப்படி ஒரு சுருக்க மதிப்பும் கூடவே வெளியிடப்படுகிறது: ஹைட்ரஜன் 1.008, கார்பன் 12.011, ஈயம் 207.2.

விலக்காக ஒரு தனிமத்தைச் சொல்ல வேண்டும்: லித்தியம். அதன் இடைவெளி 6.938 முதல் 6.997 வரை, கிட்டத்தட்ட ஒரு சதவீத அகலம். அணு ஆயுதத் தேவைக்காக லித்தியம்-6ஐப் பிரித்தெடுத்துவிட்டு, மீந்த லித்தியத்தைச் சந்தைக்கு விட்டதால் கடையில் வாங்கும் லித்தியச் சேர்மங்களின் அணு எடை புட்டிக்குப் புட்டி மாறலாம். 6.94 கிராம் லித்தியத்தை ஒரு மோல் என்று எடைபோட்டு எடுத்தால், அதன் உண்மையான அணு எடை 6.997 ஆக இருக்கும்போது கையில் இருப்பது 0.992 மோல்தான். புட்டியின் மேல் அணு எடை அச்சிடப்பட்டிருந்தால், அட்டவணையைப் பார்க்காமல் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.